ஆங்கிலக் கதையும் கவிதையும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



ஆங்கிலக் கதைகள், கவிதைகள் வாயிலாக வாழ்க்கைப் படிப்பினைகளைக் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு கழகச் செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். நான் ஆங்கில இலக்கியத்தில் ஆய்வு செய்தவனல்லன். பி.ஏ. படித்து, பி.எட். முடித்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் நடத்தி வருபவன். தலைமையாசிரியர் ஆன பிறகு சம்பளப் பட்டியலும் கழிவறைக்குத் தண்ணீரும் என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. எனினும் வாரத்துக்கு ஒரு பாடவேளையைப் பாடநூலுக்கு வெளியே கதை படிப்பதற்கென்று இன்றளவும் காப்பாற்றி வருகிறேன். அந்தப் பாடவேளையில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்குச் சொல்ல விழைகிறேன். கற்பித்தவற்றை விடக் கற்றுக்கொண்டவையே அதிகம் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் நமக்கு எதற்கு என்ற வினா இம்மன்றத்தில் எழாது என்று நம்புகிறேன். 1835ஆம் ஆண்டில் மெக்காலே தம் அறிக்கையை எழுதியபோது அவர் மனத்தில் நம் சேரிகள் இருந்திருக்க மாட்டா. அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் இடையே நிற்கும் ஒரு சிறு கூட்டத்தை உருவாக்குவதே அவர் நோக்கம். ஆனால் ஒரு மொழி ஊருக்குள் வந்துவிட்டால் அதை யார் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்பதை அதைக் கொண்டுவந்தவர் தீர்மானிக்க முடிவதில்லை. மராட்டியத்தில் ஜோதிராவ் ஃபூலே தம் இளமையில் தாமஸ் பெய்னின் ‘மனிதனின் உரிமைகள்’ என்னும் நூலைப் படித்தார். 1873இல் தாம் எழுதிய ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவருடைய துணைவியார் சாவித்திரிபாய், 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பில், ஆங்கிலம் கற்க வாருங்கள் என்று நம் போன்றோரை அழைத்துப் பாடினார். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். அது மறுக்கப்பட்டுப் பாரசீகம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஆங்கிலத்துக்கு அப்படியொரு காவல் இல்லை. அதற்குப் பணக் காவல் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் காவலை உடைப்பதற்காகத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் மாலை வகுப்பு நடத்தி வருகிறது. ஆதலின் அதை விடுத்து என் பொருளுக்கு வருகிறேன்.

ஒரு கதையை நடத்தி முடித்தவுடன் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘இக்கதையின் நீதி யாது?’ விடையும் ஆயத்தமாக இருக்கும், உரைநூலில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். இரண்டு மதிப்பெண். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். அதில் எனக்கு இரண்டு குறைகள் தென்படுகின்றன. விடையை முன்பே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி, கதையைக் கொன்றுவிடுகிறது என்பது ஒன்று. மற்றது, இதைவிடப் பெரிது. அந்த அச்சிட்ட நீதி யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் பார்ப்பதேயில்லை. பொறுமையாய் இரு, கிடைத்ததில் மகிழ்ச்சி கொள், எசமானனுக்கு நன்றி பாராட்டு என்னும் நீதிகளை ஏழையின் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதற்கு இவ்வளவு பெரிய பள்ளிக்கூடமும் கரும்பலகையும் எதற்கு? அவற்றை ஊரே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.

வில்லியம் பிளேக் என்னும் கவிஞரை எடுத்துக்கொள்கிறேன். இலண்டனில் காலுறை விற்ற ஒருவரின் மகன். முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலைப் பழகியவர். தம் கவிதைகளைத் தாமே தகட்டில் பொறித்து, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்றார். 1789ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தொகுப்பில், புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றிய பாட்டு இருக்கிறது. அக்காலத்து இலண்டன் வீடுகளில் கணப்பு உண்டு. கணப்புக்குச் செங்கல் புகைபோக்கி உண்டு. உள்ளே படியும் கரியைச் சுரண்ட, பெரிய ஆள் நுழைய முடியாது. ஆகவே நான்கு வயது, ஐந்து வயதுக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து விலைக்கு வாங்கி உள்ளே ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும் உரசி உரசிப் புண்ணாகும். சிலர் உள்ளேயே மாட்டிக்கொண்டு மூச்சடைத்து இறந்தார்கள். இத்தொழிலாளர்க்கு வரும் ஒருவகைப் புற்றுநோயை, கரியினால் விளைவது என்று பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் 1775இலேயே எழுதிவைத்தார். எட்டு வயதுக்குக் குறைந்தவரை இவ்வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1788இல் சட்டம் வந்தது. இருபத்தொரு வயதுக்குக் கீழ் யாரும் ஏறக்கூடாது என்று 1840இல் இன்னொரு சட்டம் வந்தது. எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. உரிமம் பெற்றவர் மட்டுமே இத்தொழில் நடத்தலாம், காவல்துறை கண்காணிக்கும் என்று 1875இல் சட்டம் வந்த பிறகே அது நின்றது. முதற் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 87 ஆண்டுகள்.

பிளேக்கின் பாட்டில் ஒரு சிறுவனுக்குக் கனவு வருகிறது. ஆயிரக்கணக்கான சிறுவர்கள் கறுப்புச் சவப்பெட்டிகளில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு தேவதை வந்து ஒளி வீசும் சாவியால் பெட்டிகளைத் திறந்துவிடுகிறது. பிள்ளைகள் ஆற்றில் குளித்து வெயிலில் விளையாடுகிறார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் கடவுளே உனக்குத் தந்தையாவார் என்று தேவதை சொல்கிறது. விடியுமுன் இருட்டில் எழுந்து, தூரிகையை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேலைக்குப் போகிறான். கடமையைச் செய்பவர்க்குத் தீங்கு வராது என்ற கருத்தோடு பாட்டு முடிகிறது. ‘கடமை உணர்வே இப்பாட்டின் மையக்கருத்து’ என்று பல ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதினேன். அதை நினைத்தால் இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு முறை இப்பாட்டைப் படித்துக் காட்டியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. ‘சார், அந்தத் தேவதை ஏன் சார் செத்த பிறகு வந்து சாவி கொடுக்குது?’ என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவன் தந்தையார் கழிவுநீர்த் தொட்டி துடைக்கும் வேலைக்குப் போகிறவர் என்பதைச் சில மாதங்கள் கழித்தே அறிந்தேன். பள்ளிப் பதிவேட்டில் ‘கூலி’ என்று எழுதியிருந்தது.

அன்றிரவு, ஐந்து ஆண்டுகள் கழித்து 1794இல் பிளேக் அதே தலைப்பில் எழுதிய இரண்டாவது பாட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் பனியில் அழுதுகொண்டிருக்கும் சிறுவனிடம், உன் தாய் தந்தையர் எங்கே என்று கேட்கிறார்கள். வழிபாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறான். தான் ஆடுவதையும் பாடுவதையும் பார்த்து, தனக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்களாம். சமயத் தலைவரையும் அரசனையும் சேர்த்தே அவன் குற்றம் சாட்டுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் முதற்பாட்டின் முடிவு வேறு விதமாக ஒலிக்கிறது. அந்தக் கடமை நீதி சிறுவனுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட நீதி. கவிஞர் அதை நம் முன் வைத்து, இது சரியா பாருங்கள் என்கிறார். அறிஞர்கள் இது பற்றிப் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். என் கருத்து இதுவே. ஆனால் இவ்வளவையும் அந்தப் பையன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். அவன் இரண்டாவது பாட்டைப் படித்தவனல்லன்.

மறுவாரம் இரண்டு பாடல்களையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆங்கிலச் சட்டங்களின் ஆண்டுகளையும் பலகையில் எழுதினேன். அவற்றுக்குப் பக்கத்தில், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து நம் நாடு இயற்றிய சட்டத்தின் ஆண்டு 1993 என்று எழுதினேன். இப்போது இந்தப் பாடத்தை நடத்தினால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதையும், 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியதையும் சேர்த்து எழுதுகிறேன். எழுதுவதோடு நிறுத்திக்கொள்வேன். ‘உங்களில் யார் வீட்டில் இந்த வேலை?’ என்று மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டேன். நண்பர்களே, இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதையை வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டை வகுப்பில் விரித்துக் காட்டும் உரிமை நமக்கு இல்லை. இணைப்பது பிள்ளையின் வேலை. அவன் மனத்துக்குள் இணைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்தாலும் பாடம் நடந்துவிட்டதாகவே பொருள்.

சார்லஸ் டிக்கன்சைப் பாருங்கள். தந்தை 1824இல் கடனுக்காகச் சிறைப்பட்டபோது, பன்னிரண்டு வயதில் காலணி மை செய்யும் தொழிற்சாலையில் சாடிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். ஆயினும் அந்த நாட்களை உலகம் அறியச் சொன்னதில்லை. 1870இல் அவர் மறைந்த பின், நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வெளிவந்தது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே அந்தக் கூச்சம் வாழ்நாள் முழுதும் விடவில்லை. ‘ஆலிவர் டுவிஸ்ட்’ கதையில் அனாதை விடுதிச் சிறுவன் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கும் கட்டத்தை நம் பிள்ளைகள் மிக விரும்பிக் கேட்பார்கள். மதிய உணவுத் தட்டைப் பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ‘நம்ம சத்துணவு அக்கா கேட்டா போடுவாங்க சார்’ என்று ஒரு சிறுமி சொன்னாள். 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த ஏழையர் சட்டத்தை விட எங்கள் சத்துணவு அமைப்பாளர் மேலானவர் என்று அன்று வகுப்பு முடிவு செய்தது. நானும் உடன்பட்டேன்.

அடுத்து ‘இராபின்சன் குரூசோ’. இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆதி திராவிடர் நல விடுதியில் தங்கியிருந்தேன். விடுதிப் பிள்ளைகளாகிய நாங்கள் வகுப்பில் பின் வரிசை. யாரும் அப்படி உட்காரச் சொன்னதாக நினைவில்லை. ஆனாலும் அங்கேதான் உட்கார்ந்தோம். குரூசோ கதையின் சுருக்கத்தை நடத்திய ஆசிரியர், ஃபிரைடே என்னும் காட்டுவாசி குரூசோவின் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்ளும் கட்டம் வந்ததும் புத்தகத்தை மூடினார். பின் வரிசையைப் பார்த்தார். ‘நன்றி என்றால் இப்படி இருக்க வேண்டும். அரசாங்கம் சோறு போட்டுப் புத்தகம் கொடுத்துப் படிக்க வைக்கிறதே, உங்களுக்கு இந்த நன்றி இருக்கிறதா?’ என்றார். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தீயவர் என்று நான் சொல்ல மாட்டேன். இலக்கணம் அவர்போல் நடத்தியவர் இல்லை. அந்த இலக்கணத்தில்தான் இன்றும் என் பிழைப்பு நடக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த நூலை நான் தொடவேயில்லை.

ஆசிரியனான பிறகு, டானியல் டிஃபோ 1719இல் எழுதிய முழு நூலையும் படித்தேன். சுருக்கத்தில் சொல்லாத பல செய்திகள் அதில் இருந்தன. குரூசோ கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கினான் என்று நமக்குத் தெரியும். அந்தக் கப்பல் எதற்காகப் புறப்பட்டது? பிரேசிலில் தோட்டம் வைத்திருந்த அவன், ஆப்பிரிக்கக் கரைக்கு அடிமைகளை வாங்கப் போய்க்கொண்டிருந்தான். அதற்கும் முன்னால் அவனே மூர்களிடம் அடிமையாக இருந்து தப்பி வந்தவன். தன்னோடு தப்பித்து, கடலில் தனக்குத் துணை நின்ற சூரி என்னும் சிறுவனை, வழியில் கண்டெடுத்த கப்பல் தலைவனுக்கு அறுபது வெள்ளிக் காசுக்கு விற்றுவிட்டான். இதைப் படித்தபோது, நன்றி பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் நினைவுக்கு வந்தது. ஃபிரைடேவுக்குக் குரூசோ முதலில் கற்றுக்கொடுப்பது அவன் பெயரை. பிறகு தன்னை ‘எசமான்’ என்று அழைக்கச் சொல்கிறான். ஃபிரைடேவுக்குத் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்குமல்லவா? அந்த நாவல் அதை நமக்குச் சொல்வதேயில்லை.

அப்படியானால் இந்நூலை ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது என்பேன். இதில் நம் பிள்ளைகளுக்கென்றே எழுதினாற்போன்ற பகுதி ஒன்று உண்டு. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த குரூசோ, தீவில் ஒரு பானை வனைய முயல்கிறான். மண் எடுக்கவும் பதப்படுத்தவும் வனையவும் ஏறத்தாழ இரண்டு மாதம் உழைத்து, கோணலான இரண்டு பெரிய சாடிகளைத்தான் செய்ய முடிகிறது. ஒரு பலகை வேண்டுமானால் ஒரு மரத்தையே இருபுறமும் செதுக்கித் தேய்க்கிறான். ஒரு ரொட்டித் துண்டுக்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்று வியக்கிறான். நம் முன்னோர் செய்த வேலைகள் அனைத்தும் அறிவு சார்ந்தவை என்பதை, அவ்வேலைகளைச் செய்யத் தெரியாத ஒருவன் ஒப்புக்கொள்ளும் பக்கங்கள் அவை. ‘எங்க தாத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா ரெண்டு நாள்ல குடிசையே போட்டிருப்பாரு’ என்று ஒருவன் சொன்னான். அன்று பின் வரிசை முன் வரிசை எல்லாம் கலந்துவிட்டது. பிறகு ஃபிரைடே தன் ஊருக்கு எழுதும் கடிதம் ஒன்றை எழுதுமாறு சொன்னேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் இருபதுக்கு மேற்பட்டோர் கடிதத்தின் அடியில் ஃபிரைடே என்று கையெழுத்திடவில்லை. ஆளுக்கொரு புதுப்பெயர் வைத்திருந்தார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1807இல் சார்லஸ் லாம், மேரி லாம் என்னும் உடன்பிறப்புகள் குழந்தைகளுக்காக எழுதிய சுருக்கக் கதையைத்தான் நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். வட்டிக்காரன் ஷைலாக், ஒரு பவுண்டு சதை, சாமர்த்தியசாலிப் பெண் போர்ஷியா, தர்மம் வென்றது என்று பாடம் முடிந்துவிடும். ஆனால் அந்தோனியோ தன்னை நாயே என்று திட்டித் தன் ஆடைமேல் துப்பினான் என்று ஷைலாக் சொல்கிறானே, அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றுவிடும். ‘துப்பினதுக்குத் தண்டனை கிடையாதா சார்?’ ஆண்டுதோறும் வேறு வேறு வாயிலிருந்து இதே கேள்வி வருகிறது. எச்சில் துப்பத் தன் கழுத்தில் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மக்களின் வரலாறு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் விரிக்கத் தேவையில்லை.

அந்நேரத்தில், மூல நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் ஷைலாக் பேசும் பேச்சைப் பலகையில் எழுதிப்போட்டு நடத்துகிறேன். எங்களுக்கும் கண் இல்லையா, குத்தினால் குருதி வராதா என்னும் பொருளில் அவன் பேசுவது. சுருக்கக் கதையில் அப்பேச்சு இல்லை. அதே பேச்சின் இறுதியில், நீங்கள் கற்பித்த கொடுமையை உங்களுக்கே செய்வேன் என்கிறான். அங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தியைத் தீட்டுவது சரிதான் என்பார் சிலர். கூடாது என்பார் சிலர். நான் ஷைலாக்கை வீரனாக்குவதில்லை. உயிரோடு இருக்கும் மனிதனின் நெஞ்சை அறுக்கக் கேட்பவன் பக்கம் நான் நிற்க முடியாது. ஆனால் நீதிமன்றக் காட்சியில் ஒரு செய்தியைக் கவனிக்கச் சொல்வேன். முறிச்சீட்டில் எழுதிய எழுத்தைக் கொண்டு போர்ஷியா அவனைத் தடுத்தது சரி. அதன் பிறகு, வெனிஸ் குடிமகன் உயிருக்கு ஓர் அயலான் ஊறு தேடினால் அவன் உடைமை பறிக்கப்படும் என்று தனிச்சட்டம் ஒன்றை எடுக்கிறாளே, அது எங்கே இருந்தது? அந்த ஊரிலேயே வாழ்ந்து வரி செலுத்தியவன் அதுவரை எல்லோர்க்கும் ஒரே சட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் மதத்தையும் மாற்றிக்கொள்ள ஆணையிடுகிறார்கள். ‘கருணை’ என்னும் சொல் அக்காட்சியில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

கிப்லிங் 1910இல் வெளியிட்ட, தந்தை மகனுக்கு அறிவுரை கூறும் பாட்டைப் பல பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறார்கள். நல்ல பாட்டு. அதே கை 1899இல் வெள்ளையரின் சுமை என்று வேறொரு பாட்டையும் எழுதியது என்பதை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்காவது சொல்லிவிடுங்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் மஞ்சள் மலர்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. ஆவாரம்பூவைக் காட்டி நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

இனி, சொல்லலாமா வேண்டாமா என்று நேற்றிரவு வரை நான் தயங்கிய செய்தி ஒன்று. தாமஸ் கிரே என்னும் கவிஞர் 1751இல் வெளியிட்ட, நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டத்தில் எழுதிய இரங்கற்பா உங்களில் பலர்க்குத் தெரிந்திருக்கும். மாலை மங்கும் நேரம். உழவன் வீடு திரும்புகிறான். கவிஞர் ஏழை உழவர்களின் கல்லறைகளிடையே நிற்கிறார். இவர்களுள் நாடாளத் தகுந்தவன் இருந்திருக்கலாம், பெருங்கவிஞன் இருந்திருக்கலாம், வறுமை அவர்கள் உள்ளத்தை உறைய வைத்துவிட்டதே, கல்வியின் ஏடு அவர்களுக்கு விரியவில்லையே என்று வருந்துகிறார். ஆழ்கடலில் கிடக்கும் மணியையும் பாலையில் பூத்து வாடும் மலரையும் உவமை சொல்கிறார். 2006ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இப்பாட்டை நான் மிக உருக்கமாக நடத்தினேன். நன்றாக நடத்தினோம் என்ற நிறைவும் எனக்கு இருந்தது. பாட்டைப் பற்றி ஐந்து வரி எழுதி வருமாறு சொல்லி, குறிப்பேடுகளை வாங்கி மேசையில் வைத்தேன். காலாண்டுத் தேர்வு வேலை வந்துவிட்டது. பத்து நாட்களுக்கு மேல் அவை மேசையிலேயே கிடந்தன.

திருத்த எடுத்தபோது ஒரு மாணவியின் ஏட்டில் தமிழில் இப்படி எழுதியிருந்தது: ‘அந்தக் கவிஞர் அவர்கள் செத்த பிறகு வந்து வருத்தப்படுகிறார். உயிரோடு இருக்கும்போது யாரும் ஏன் வரவில்லை? நான் திங்கட்கிழமை முதல் வரமாட்டேன்.’ வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஏழு நாட்களாக அவள் பெயருக்கு நேரே வராதவர் என்று நானே குறித்திருக்கிறேன். தந்தைக்கு உடல்நலமில்லை. தரகர் ஒருவர் வந்து, மூன்றாண்டுகள் நூற்பாலையில் தங்கி வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறார். இவ்வகைத் திட்டங்களை அந்நாளில் நம் பக்கத்து வீடுகள் பல அறியும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது அவள் போய் நான்கு நாட்கள் ஆகிவிட்டன. அவள் தாயார் என்னைத் திட்டவில்லை. ‘வாங்க சார்’ என்று சொல்லி, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் மூன்றாண்டு கழித்துத் திரும்பி வந்தாள். சொன்ன தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. நம் கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்து, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினாள். முதல் முறை ஆங்கிலத்தில் தவறி, இரண்டாம் முறை தேறினாள். இன்று அவர் மகன் நம் மாலை வகுப்பில் படிக்கிறான். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டே இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

கிரேயின் பாட்டு அச்சான பிறகு, இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கப் பள்ளிக்கு வழி செய்யும் சட்டம் வர 119 ஆண்டுகள் ஆயின. அது 1870இல் வந்தது. 1880இல் வருகை கட்டாயமாயிற்று. பெரும்பாலும் கட்டணமின்றிப் படிக்க 1891 வரை காத்திருந்தார்கள். இந்த ஆண்டுகளை அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகுதான் நான் தேடிப் படித்தேன். இப்போது அப்பாட்டை நடத்தும்போது அவற்றையும் பலகையில் எழுதுகிறேன். குறிப்பேடுகளை அன்றன்றே திருத்திவிடுகிறேன்.

இளம் ஆசிரியர்கள் சிலர், எப்படி நடத்துவது என்று குறிப்பாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பெரிய முறை எதுவும் என்னிடம் இல்லை. கதையை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள். அதனால் ஆங்கிலம் கெட்டுவிடாது. பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படியுங்கள், இருமுறை. தெரியாத சொல் ஐந்துக்கு மேல் விளக்காதீர்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த ஊரில், யாருடைய பணத்தில் வாழ்ந்தார் என்பதைச் சொல்லுங்கள். நீதி யாது என்று கேட்பதற்கு மாறாக, இக்கதையில் யார் பேசவேயில்லை என்று கேட்டுப் பாருங்கள். வரும் விடைகளில் பாதி நீங்கள் எதிர்பாராதவையாக இருக்கும். தேர்வுக்கு என்ன எழுதுவது என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள். உரைநூல் விடையையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்; மதிப்பெண்ணை நாம் ஏன் இழக்க வேண்டும்? அது தேர்வுக்கு, இது உனக்கு என்று சொன்னால் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முடிவாகக் கழகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாலை வகுப்பு நடக்கும் கூடத்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நல்ல நூல்கள் சேர்ந்திருக்கின்றன. கதைப் புத்தகம் என்று ஓர் அலமாரி இல்லை. இந்த வெள்ளி விழாவின் நினைவாக ஒன்று வையுங்கள். பூட்டில்லாத அலமாரியாக வையுங்கள். புத்தகம் தொலைந்து போகும் என்று ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தொலையட்டும். பிளேக்கின் இரு பாடல்களும் அச்சிட்ட தாள்கள் நூறு, குரூசோவின் முழு நூல் இரண்டு படி, லாம் உடன்பிறப்புகளின் கதைகள் ஐந்து படி என் செலவில் வாங்கிக் கொண்டுவந்திருக்கிறேன். மேடைக்குக் கீழே ஒரு பையில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நானே வந்து படித்துக் காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதற்குப் பிறகு மற்ற நாட்களிலும் வருவேன்.